தண்ணீர் ஓட வேண்டும்

சாய வேண்டும், உட்காரக் கூடாது. முழங்காலை லேசாக மடக்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட வேண்டும், மிச்சத்தைப் பாஸ்டர் பார்த்துக்கொள்வார், அவருடைய ஒரு கை என் பிடரிக்குக் கீழே இருக்கும், இன்னொரு கை நெஞ்சின்மேல் சேர்த்துவைத்த என் கைகளைப் பிடித்திருக்கும், என் கைக்குள் கைக்குட்டை, கைக்குட்டை மூக்கின்மேல். ரூபி அக்கா இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். பாஸ்டரின் மனைவி, ஆனால் பாஸ்டரம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள், அக்கா என்றால்தான் பார்ப்பாள். சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்து என் வெள்ளை அங்கியின் ஓரத்தில் கடைசி ஈயக்குண்டைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். மீன் வலையில் கட்டுகிற குண்டு. அது இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கினதும் அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடுமாம். "பயந்துபோய் பாஸ்டர் கழுத்தப் புடிச்சுத் தொங்கிறாத அமலி. போன வருஷம் ஒரு அண்ணன் அப்படித்தான் பண்ணுனாரு. அவரோட சேந்து பாஸ்டரும் உள்ள போயிட்டாரு, அவருக்கு அது ரெண்டாவது ஞானஸ்நானம்." மேபல் சிரிக்கிறாள். மேபல் காலேஜ் இரண்டாம் வருஷம், எனக்கு முன்னால் அவள், அவளுக்குப் பின்னால் நான், நான்தான் கடைசி. எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து, தொண்டையில் ஏற்கெனவே என்னவோ இருப்பதால் வழியில்லாமல் திரும்பிப் போகிறது. சுவரில் நோவாவின் பேழை, பஞ்சு ஒட்டின ஆடு, ஒரு பக்கம் உரிந்து தொங்குகிற ஒட்டகச்சிவிங்கி. பேழைக்கு வெளியே நீல கிரேயானில் தண்ணீர் மட்டும். அதில் யாரும் இல்லை. தண்ணீருக்குள்ளே யாரெல்லாம் இருப்பார்கள் என்று சின்னப் பிள்ளைகளிடம் யாரும் வரையச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கையில் இருக்கிற காகிதம் வியர்வையில் நனைந்துவிட்டது. என் சாட்சி. ஐந்தே வரி, தொட்டியில் இறங்கி நின்று மைக்கில் சொல்ல வேண்டியது. நான்கு வரி நானாக எழுதினேன். முதல் வரி, என்னை மாதிரி கத்தோலிக்கச் சபையிலிருந்தோ வேறு சபையிலிருந்தோ வருகிறவர்கள் எல்லாரும் எழுதுகிற வரி, ரூபி அக்கா சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டது. நான் குழந்தையாயிருந்தபோது பெற்ற தெளிப்பு ஞானஸ்நானம் ஞானஸ்நானம் அல்ல என்று அறிந்து. அல்ல என்று அறிந்து. அல்ல என்று. ஒரு மாதமாகப் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் சொல்லிப் பார்க்கிறேன், மற்ற நான்கு வரியும் தண்ணியாக வருகிறது, இந்த ஒன்று மட்டும் 'அல்ல'வில் போய் மாட்டிக்கொள்கிறது. திண்டுக்கல்லில் அம்மாவுக்குப் போனில் சொன்னபோது அம்மா கேட்டாள், "அப்போ எங்களுக்கெல்லாம் முழுக்குப் போட்டுட்டியாடி?" நான் அதற்கு அழாமல், சே, எப்படி வந்து விழுகிறது பார் வார்த்தை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இந்த வார்த்தை என்னை விடுவதாக இல்லை. முதல் வகுப்பிலேயே மானத்தை வாங்கிவிட்டது. யாரெல்லாம் ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்க என்று பாஸ்டர் கேட்டார், நான் எழுந்து நின்று, கான்வென்ட்டில் பழகின மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தெளிச்சது மட்டும்தான் பாஸ்டர், நான் இன்னும் முழுகாமத்தான் இருக்கேன்" என்றேன். மேபல் வேதாகமத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரூபி அக்காதான், "அடிப்பாவி, உன் மக தபிக்கு இன்னும் ரெண்டாவது பல்லே வரல, அதுக்குள்ளயா?" என்றாள், பாஸ்டர் கூரையைப் பார்த்தார், அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அம்மா மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இவர், செல்வின், இந்தச் சபைக்காரர், வீட்டில் மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கே தெரியாம என்ன நடக்குது?" என்று கேட்டதும் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் இவர் மாங்காயைக் கீழே வைத்துவிட்டார். முழுகாமல் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு தடவை. தபித்தாள் இரண்டாவது. முதல் தடவையைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

எட்டாம் வகுப்பில் பெர்னத் சிஸ்டர் ஒரு பொம்மை கொண்டுவந்தார்கள். ஒரு கை இல்லாத பிளாஸ்டிக் பொம்மை, கண்ணை மூடித் திறக்கும், ஒரு கண் மட்டும் பாதியில் நின்றுவிடும். குழந்தை சாகக் கிடக்கிற நேரத்தில் சாமியார் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம், நீங்களும் கொடுக்கலாம், நாளைக்கு நர்ஸாகலாம், தாயாகலாம், கற்றுக்கொள்ளுங்கள் என்று வரிசையில் நிற்க வைத்து எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் அந்தப் பொம்மைக்குத் திருமுழுக்குக் கொடுத்தோம், ஒருத்தி சூர்யா என்று பெயர் வைத்து வெளியே முட்டி போட்டாள். நான் பயந்துகொண்டே விரலைத் தண்ணீரில் தொட்டுப் பொம்மையின் நெற்றியில் வைத்தேன். "தொட்டு வச்சா ஆகாது அமலோற்பவம். தண்ணி ஓடணும். தோல்மேல ஓடணும். திரும்ப ஊத்து." ஓடணும். பதினைந்து வருஷம் கழித்து ஒரு ஜூன் இருபத்துநாலாம் தேதி, குறைமாதக் குழந்தைகளின் வார்டில், கண்ணாடிப் பெட்டியில் கை நுழைக்கிற ஓட்டை வழியாக நான் பால் புகட்டுகிற மூக்குக் கிண்ணத்தை, பாலாடையை, உள்ளே கொண்டுபோனேன். பால் கொடுத்துப் பார்க்கத்தான் பாலாடை கொடுத்தார்கள், குடிக்கிற தெம்பு அவனுக்கு இல்லை, நான் பாலைக் கொட்டிவிட்டு என் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டேன், கொதித்து ஆறின தண்ணீர், அதைக்கூடப் பார்த்துக்கொண்டேன். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். பெயர் யோசிக்க நேரமில்லை. அன்று இயேசுவுக்கே திருமுழுக்குக் கொடுத்த அருளப்பர் பிறந்த திருவிழா என்பது எனக்கு எப்படி அந்த நேரத்தில் நினைவு வந்ததோ, கான்வென்ட் நாள்காட்டி மண்டைக்குள் எங்கேயோ தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அருளப்பா, தந்தை மகன் தூய ஆவியின் பெயராலே. என் உள்ளங்கை அளவு நெற்றி, இல்லை, அவ்வளவுகூட இல்லை, இரண்டு விரல். ஊற்றினேன். ஓடியதா? நர்ஸ் ஓடிவந்துவிட்டாள், "என்னம்மா பண்றீங்க, தண்ணிய ஊத்துறீங்களே, குளிராதா குழந்தைக்கு?" பஞ்சை எடுத்து ஒற்றி ஒற்றித் துடைத்துவிட்டாள். நல்ல பொண்ணு, அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு அவன் குளிர்தான் முக்கியம். எனக்கு அவள் விரல்தான் இன்னும் தெரிகிறது. ஓடுவதற்கு முன்னால் துடைத்தாளா, ஓடின பிறகு துடைத்தாளா. இரண்டு வருஷமாக இதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். காதோரம் ஒரு சொட்டு இறங்கின மாதிரி இருந்தது, இருந்ததா, இருந்திருக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் இருந்தான். எல்லாக் காகிதத்திலும் பேபி ஆஃப் அமலோற்பவம் என்றுதான் இருக்கிறது. அருளப்பன் என்கிற பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை, யார் வாயிலும் இல்லை, அந்தப் பாலாடைத் தண்ணீரில் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஒன்றுமில்லை என்றால்.

அந்த நினைப்பு வந்ததும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன், ரூபி அக்காவின் ஊசி என் கணுக்காலில் குத்துகிறது. "அசையாத பொண்ணே, ரத்த சாட்சியா ஆக்கிடுவேன்." உட்காருகிறேன். சுவரின் அந்தப் பக்கம் பாட்டு, ஆர்மோனியம் கொஞ்சம் பின்தங்கி வருகிறது, அதற்கு நடுவில் ஒரு குழந்தையின் சிணுங்கல், தபிதான், என் தபிதான், மார்பு சுருக்கென்று கனக்கிறது. இப்போதுதானே குடித்தாள். இவர் மடியில் முன் வரிசையில் இருக்கிறாள், கடிக்கிற ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டிருப்பாள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதுதான் கஷ்டமே. வற்புறுத்தியிருந்தால் அவர்கள்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக முழுகியிருப்பேன். தபி பிறந்து எனக்குக் காய்ச்சல் விடாமல் கிடந்த பதினோரு நாளும் இந்தச் சபைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள், ரூபி அக்கா என் அழுக்குத் துணியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக்கொண்டு வந்தாள். ராப்போஜன ஞாயிற்றில் அப்பத் தட்டு வரிசையில் என்னிடம் வரும், இங்கே முழுக்கு எடுக்காதவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது, நான் வாங்கி, எடுக்காமல், பக்கத்தில் கொடுப்பேன். எனக்குப் பசித்தது. அவர்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான், நானாகத்தான் போய்க் கேட்டேன். கேட்ட பிறகு மூன்றாவது வகுப்பில் மேபல், "சின்னக் குழந்தையிலயே செத்துப்போனா என்ன ஆகும் பாஸ்டர்?" என்று எதற்கோ கேட்டாள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ரொம்ப மெதுவாக, "அவங்க நேரா கர்த்தர்கிட்டதாம்மா. அவங்களுக்குத் தண்ணியே தேவையில்ல" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார், அதனாலேயே எனக்காகத்தான் சொன்னார் என்று தெரிந்தது. ஆறுதல்தான். எந்தத் தாய்க்கும் ஆறுதல். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் அது என்னைக் கடித்தது. தேவையில்ல. அப்படியானால் நான் என்ன செய்தேன்? வேண்டாத தண்ணீரை ஊற்றிக் குளிர வைத்தேனா? ஒன்பது மணி நேரத்தில் அவனுக்கென்று நான் செய்தது அது ஒன்றுதான். பாலில்லை, தூக்கவில்லை, தொட்டில் இல்லை. அவன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் திட்ட மாட்டார். இரக்கமாகப் பார்ப்பார், அது ஒண்ணும் இல்ல அமலி என்பார், அந்த 'ஒண்ணும் இல்ல'வை என்னால் தாங்க முடியாது என்று சொல்லாமலே வைத்துக்கொண்டேன். இப்போது நானே காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், மைக்கில் சொல்லப்போகிறேன், அல்ல என்று அறிந்து. திருமுழுக்கு என்கிறார்கள் எங்கள் ஆட்கள், ஊற்றுவதோ ஒரு கரண்டி. ஞானஸ்நானம் என்கிறார்கள் இவர்கள், குளிக்கிற மாதிரி, இறக்குவதோ தலை மூழ்க. பெயரை ஒருவருக்கொருவர் மாற்றி வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

"வாங்க, கூப்பிடறாங்க." கொண்டை ஊசிகளைக் கழற்றி ரூபி அக்காவின் உள்ளங்கையில் போடுகிறேன், பின்னலை ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொள்கிறேன், காகிதத்தையும் கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்ற ஞாயிறுகளில் பாடகர் குழு நிற்கிற இடத்தில் பலகையை எடுத்துவிட்டார்கள், கம்பளம் சுருட்டி ஓரமாகக் கிடக்கிறது, இத்தனை நாள் அவர்கள் காலுக்குக் கீழே இந்தக் குழி இருந்திருக்கிறது. நீல டைல்ஸ். நேற்று மத்தியானம் மோட்டார் போட்டு நிரப்பினது. வெளியே கூட்ஸ் வண்டி போகிறது, நீளமான வண்டி, தொட்டித் தண்ணீர் அத்தனை பெட்டிக்கும் சேர்த்து நடுங்குகிறது. மேபல் இறங்குகிறாள், கணீரென்று சாட்சி சொல்கிறாள், சாய்கிறாள், காணவில்லை, வந்துவிட்டாள். இது அடக்கம் மாதிரி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், பழைய ஆளை அடக்கம்பண்ணிவிட்டுப் புது ஆளாக எழும்புகிறது. அடக்கம். நான் போகாத அடக்கம் ஒன்று உண்டு. தையல் போட்டவளை ஆஸ்பத்திரியிலிருந்து விடவில்லை, படுத்துக் கிடந்தேன். இவரும் அவர் அண்ணனும் ஆட்டோவில் போனார்கள், பெட்டியை இவர் மடியில் வைத்துக்கொண்டு போனதாக அண்ணன் பிறகு சொன்னார், ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் டிரைவரிடம் மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்றாராம். மெதுவாப் போங்க. அதை இவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் பாலாடையைச் சொன்னதில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருக்கிறோம்.

நான்கு படி. முதல் படியில் குளிர் கணுக்காலைப் பிடிக்கிறது, ஊசி குத்தின இடம் எரிகிறது. இரண்டாவதில் அங்கி உப்புகிறது, ஈயக்குண்டுகள் இழுக்கின்றன, அங்கி அடங்குகிறது. மூன்று. நான்கு. தண்ணீர் மார்புக்கு. பாஸ்டரின் கை என் முழங்கையில், அவர் கையும் சில்லிட்டிருக்கிறது, அவருக்கும் குளிரும் என்று நான் ஏன் நினைக்கவே இல்லை. எதிரே முன் வரிசையில் இவர், தபியை நிற்க வைத்துப் பிடித்திருக்கிறார், தபி என்னைக் கண்டுவிட்டாள், ஈறு தெரியச் சிரிக்கிறாள், அம்மா என்ன பெரிய வாளிக்குள் நிற்கிறாள் என்று. கம்பியில் மைக் என் வாய்க்கு நேரே. காகிதம் நனைந்து எழுத்து ஊதாவாக ஓடிக்கொண்டிருக்கிறது, பரவாயில்லை, மனப்பாடம்தான். "நான் குழந்தையாயிருந்தபோது பெற்ற," என்று என் குரல் கூரையிலிருந்து கேட்கிறது. "பெற்ற தெளிப்பு." நிற்கிறது. ஆர்மோனியக்காரர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். யாரோ இருமுகிறார்கள். படியோரம் ரூபி அக்கா முதல் வரியை வாயசைத்து எடுத்துக் கொடுக்கிறாள், அல்ல, அல்ல. பாஸ்டர் குனிந்து, "பயமாம்மா?" என்கிறார். "பாஸ்டர், எனக்கு ஒரு பையன் இருந்தான்," என்கிறேன் நான். அவருக்கு மட்டும்தான் சொன்னேன், மைக் எல்லாருக்கும் சொல்லிவிட்டது. சரி, இனி என்ன. "அருளப்பன்னு பேரு. நான்தான் தண்ணி ஊத்தி வச்சேன், ஆஸ்பத்திரியில. அது அல்லன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது பாஸ்டர். மத்த நாலு வரியும் சொல்றேன்." ஒரு மின்விசிறி கட்கட்டென்று சுற்றுகிறது. இவரை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, தண்ணீரில் தெரிகிற டியூப் லைட்டைப் பார்க்கிறேன். பாஸ்டர் என் முழங்கையை விடவில்லை, அதை இப்போது தபியைத் தூங்கவைத்துவிட்டு இந்த நோட்டில் எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அப்புறம் அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "அந்த வரிய நாங்க எழுதச் சொன்னது. உன்கிட்டக் கேக்க வேண்டியது ஒண்ணுதாம்மா. இயேசுவ உன் இரட்சகரா ஏத்துக்கிட்டியா?" "ஏத்துக்கிட்டேன் பாஸ்டர்." "அப்பச் சரி. மூச்ச இழுத்துக்கோ." கட்டில் இருப்பதாக நினைத்துக்கொள். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில், என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூரை சாய்கிறது, மின்விசிறி சாய்கிறது, காதுக்குள் தண்ணீர் வந்து எல்லாப் பாட்டையும் எல்லா இருமலையும் மூடிவிடுகிறது. உள்ளே வெளிச்சமாக இருக்கிறது. நான் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமாக எரியுமே, அந்த வெளிச்சம். பிடரிக்குக் கீழே ஒரு கை. அவனுக்கும் இருந்திருக்கும், இருந்திருக்கும், யாருடையதோ ஒரு கை, விடாமல். தண்ணீர் என் நெற்றியில், கண்ணில், காதோரத்தில், எல்லா இடத்திலும்.

மூச்சு. சத்தம். எழுப்பிவிட்டார், மூக்கில் ஏறிவிட்டது, தும்முகிறேன், யாரோ அல்லேலூயா என்கிறார்கள், மேபலாகத்தான் இருக்கும். படியேறும்போது ஈயக்குண்டுகள் டைல்ஸில் டக் டக்கென்று இடிக்கின்றன. ரூபி அக்கா துண்டைப் போர்த்தி என் தலையை அவள் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள். சண்டே ஸ்கூல் அறை வாசலில் இவர் நிற்கிறார், இன்று பெண்கள் உடை மாற்றுகிற இடம், ஆண்கள் வரக் கூடாது, தபி இவர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் குதிக்கிறாள். திட்டுங்கள், இரக்கப்படுங்கள், ஏதாவது செய்யுங்கள். "அருளப்பனா?" என்கிறார். தலையாட்டுகிறேன். இவர் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கிறார். "நான் சாமுவேல்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஆட்டோல. பேரில்லாம எப்படிக் கொண்டுபோயி..." தபி கையை நீட்டிக்கொண்டு என்மேல் பாய்கிறாள், நான் வாங்கிக்கொள்கிறேன், ஈரத்தோடு ஈரமாக அவள் முகத்தை என் கழுத்தில் புதைத்து நிமிர, என் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் நெற்றியில் விழுகிறது. "ஏ, பாத்து, பாத்து, நம்ம சபையில கைக்குழந்தைக்குக் குடுக்கறதில்ல!" என்கிறாள் ரூபி அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். எனக்கும் இந்தத் தடவை சிரிப்பு வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது. இன்னொரு சொட்டு. குளிருமே குழந்தைக்கு என்று என் கை தானாகத் துண்டின் நுனியைத் தேடுகிறது. இவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "விடு, இருக்கட்டும்." தபி கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்க்கிறாள். அந்தச் சொட்டு அவள் நெற்றியில் கொஞ்சம் நின்று, யோசித்து, புருவத்தைச் சுற்றிக்கொண்டு, காதோரமாக, நான் பார்க்கப் பார்க்க, ஓடியது.